ஆஸ்டின்-ஹீலி வாங்குகிறீர்களா? பேரைத் தீர்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்

ஆஸ்டின் நிறுவனமும் ஹீலி குடும்பமும் கூட்டாகச் செய்த பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்தான் ஆஸ்டின்-ஹீலி. அமெரிக்காவில் கிடக்கும் அப்படி ஒன்றை வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து பதிவு செய்யலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எஞ்சின் பற்றியோ துரு பற்றியோ சொல்லிக் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஆனால் காருக்கு என்ன பேர் போட வேண்டும் என்று யாரும் உருப்படியாகச் சொல்வதில்லை, கேட்டால் சண்டைதான் வருகிறது. நான் வாங்கிய காருக்கு விற்றவர் ஒரு பேர் சொன்னார், அமெரிக்க டைட்டிலில் (அங்கே மாநில அலுவலகம் தரும் கார் உரிமைப் பத்திரம்) வேறு பேர் இருந்தது, தொழிற்சாலைப் பதிவேட்டில் மூன்றாவதாக ஒன்று. ஒவ்வொரு கவுன்ட்டரிலும் இதை விளக்கியே நாட்கள் போயின. இந்தப் பேர் விவகாரத்தில் காரின் விலையும் சுங்க வரியும் இன்சூரன்ஸும் மாட்டிக்கொண்டிருப்பதால் வேறு வேலைக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

வரிசை மாறினால் செலவு ஏறும். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. விளம்பரத்தை மூடிவைத்துவிட்டு நம்பர்களைக் கேளுங்கள்

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது நான்கு படங்கள்: பானெட்டுக்குள் தடுப்புச் சுவரில் இருக்கும் சேசிஸ் தகடு, எஞ்சின் நம்பர் தகடு, பாடி நம்பர் தகடு, டைட்டிலின் இரண்டு பக்கங்கள். எல்லாமே எழுத்து படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். "பெயின்ட் அடித்ததில் மறைந்துவிட்டது" என்று பதில் வந்தால் அந்தக் காரை விட்டுவிடுவது நல்லது, அல்லது விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள்.

தகட்டை மட்டும் நம்பாதீர்கள். அது வெறும் திருகாணியில் நிற்கிற ஒன்று, புதிதாக அடித்த மாற்றுத் தகடுகள் கடையிலேயே கிடைக்கின்றன. பாடிகளை வெஸ்ட் பிராம்விச்சில் ஜென்சன் நிறுவனம் செய்து அனுப்பியது. பானெட் போன்ற கழற்றி மாட்டுகிற பாகங்களில் பாடி நம்பரின் எண்கள் அடித்திருப்பார்கள். அதையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தகட்டில் இருக்கும் பாடி நம்பரும் பானெட்டில் இருப்பதும் பொருந்தினால் பாதி நிம்மதி.

2. குறியீட்டை நீங்களே படியுங்கள்

நம்பரின் முன்னால் வரும் எழுத்துகள்தான் தொழிற்சாலை அந்தக் காருக்கு வைத்த அடையாளம். முதல் எழுத்து பி என்றால் எஞ்சின் 2000 முதல் 2999 சிசி வரையிலான பிரிவு. அடுத்த எழுத்து என் என்றால் இரண்டு சீட் (பிஎன்4 மட்டும் விதிவிலக்கு, அதில் பின்னால் இரண்டு சின்ன சீட் உண்டு), டி என்றால் நான்கு சீட், ஜே என்றால் கன்வர்ட்டிபிள். கடைசியில் எல் இருந்தால் இடப்பக்க ஸ்டியரிங். அப்புறம் வரிசை இப்படி:

பிஎன்1, பிஎன்2: நான்கு சிலிண்டர், 2660 சிசி, 1953 முதல் 1956 வரை. பேர் "100". முதலாவதில் மூன்று கியர், இரண்டாவதில் நான்கு.

பிஎன்4, பிஎன்6: ஆறு சிலிண்டர், 2639 சிசி, 1956 முதல். பேர் "100-சிக்ஸ்".

பிஎன்7, பிடி7: 2912 சிசி, 1959 முதல். பேர் "3000".

பிஜே7, பிஜே8: அதே 3000, கண்ணாடி ஏற்றி இறக்கும் கதவுகளுடன், 1962 முதல் உற்பத்தி நிற்கும் வரை.

இதை மனப்பாடம் செய்துவிட்டுக் குறியீடு போதும் என்று கிளம்பிவிடாதீர்கள், இங்கே ஒரு குழி இருக்கிறது. பிஎன்7 என்ற ஒரே குறியீட்டில் இரண்டு வேறு கார்கள் வந்தன: 1959-இல் வந்த 3000, அப்புறம் 1961-இல் மூன்று கார்புரேட்டருடன் வந்த மார்க் 2. இரண்டாவது வகையில் இரண்டு சீட் கார்கள் மொத்தம் 355 மட்டுமே செய்யப்பட்டன, அதனால் விலை வித்தியாசம் பெரிது. எஞ்சின் நம்பரின் முன்னொட்டைப் பார்த்துப் பிரித்துச் சொல்லலாம்: 29டி என்றால் முதல் வகை, 29இ என்றால் மூன்று கார்புரேட்டர் வகை, 29எஃப் என்றால் பிஜே7, 29கே என்றால் பிஜே8. முன்பக்க கிரில்லில் கம்பிகள் கிடையாக இருந்தால் பழையது, செங்குத்தாக இருந்தால் மார்க் 2 என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் கிரில்லை ஒரு மத்தியான நேரத்தில் கழற்றி மாற்றிவிடலாம்.

இன்னொன்று, 100-சிக்ஸில் 3000 எஞ்சினைப் போட்டு, பேட்ஜையும் மாட்டி, 3000 என்று விற்கிற பழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. 3000-இல் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் உண்டு, 100-சிக்ஸில் சாதாரணமாக டிரம்தான். அதையும் மாற்றியிருப்பார்கள், ஆனால் தகடு அசலாக இருந்தால் சேசிஸ் நம்பரில் பிஎன்4 அல்லது பிஎன்6 என்றிருப்பதை மறைக்க முடியாது.

3. பணம் கைமாறும் முன் ஹெரிட்டேஜ் சான்றிதழ்

வார்விக்‌ஷயரில் கேடன் என்ற ஊரில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில்தான் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. அவர்களிடம் விண்ணப்பித்தால் ஹெரிட்டேஜ் சான்றிதழ் என்று ஒன்று தருவார்கள். கார் கட்டிய தேதி, தொழிற்சாலையை விட்டுப் போன தேதி, எந்த நாட்டுக்குப் போனது, சேசிஸ், எஞ்சின், பாடி நம்பர்கள், முதல் பெயின்ட் நிறம், உள்ளே போட்ட ட்ரிம், தொழிற்சாலையிலேயே மாட்டிய கூடுதல் உபகரணங்கள் எல்லாம் அதில் வரும்.

முதலில் விற்பவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள், பலபேர் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பார்கள். இல்லையென்றால் விற்பவரையே விண்ணப்பிக்கச் சொல்லி, அதை முன்பணத்துக்கு நிபந்தனையாக வையுங்கள். இதற்கான கட்டணம் கார் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் கையில் வருவதற்கு நாளாகும் என்பதால் கப்பல் ஏற்பாடெல்லாம் தொடங்கும் முன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும், ஏனென்றால் இதே காகிதம் பின்னால் இங்கிலாந்துப் பதிவுக்கும் தேதிச் சான்றாகப் பயன்படும்.

சான்றிதழ் சொல்வது அந்த நம்பருள்ள கார் பிறந்தபோது எப்படி இருந்தது என்பதை மட்டும். உங்கள் முன்னால் நிற்கும் கார் அதேதானா என்பதை அது சொல்லாது, அது நீங்கள் படி 1-இல் எடுத்த படங்களின் வேலை.

4. இப்போது சண்டைக்கு வருவோம்

உரிமையாளர் கிளப் கூட்டத்துக்குப் போனால் மூன்று கட்சிகளைப் பார்ப்பீர்கள். ஒரு கட்சி குறியீட்டுக் கட்சி, "பிடி7" என்று சொல்லாவிட்டால் திரும்பியே பார்க்க மாட்டார்கள். இன்னொன்று விற்பனைக் கையேட்டுக் கட்சி, அன்றைக்குக் கடையில் என்ன பேரில் விற்றார்களோ அதுதான் பேர், மற்றதெல்லாம் பின்னால் வந்த கதை என்பார்கள். மூன்றாவது கட்சி எல்லாரும் சொல்கிறதைச் சொல்கிறவர்கள். விலை கேட்கிறவர்களும் விளம்பரம் போடுகிறவர்களும் பெரும்பாலும் இந்த மூன்றாவது கட்சிதான், அதனால் நீங்கள் மூன்று பாஷையும் புரிந்துகொண்டால்தான் பேரம் பேச முடியும்.

"மார்க் 1" பற்றி. 1959-இல் வந்த காரின் பேட்ஜில் வெறும் 3000 என்றுதான் இருந்தது. மார்க் 2 வந்த பிறகுதான் முந்தையதை மார்க் 1 என்று சொல்லத் தொடங்கினார்கள். அதனால் பழைய 3000-இன் கிரில்லில் மார்க் 1 என்று பேட்ஜ் பார்த்தால் அது யாரோ ஆசைப்பட்டு மாட்டியது. பேச்சில் மார்க் 1 என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, காகிதத்தில் எழுத வேண்டாம்.

"100/4" என்பதும் இதே மாதிரிதான். ஆறு சிலிண்டர் கார் வந்த பிறகு நான்கு சிலிண்டர் காரைப் பிரித்துச் சொல்ல வந்த பேர். விற்கும்போது அது வெறும் 100.

இதில் எல்லாவற்றையும்விடப் பணம் புதைந்திருக்கிற பேர் "100எம்". பிஎன்2 கார்களில் 640-ஐ வார்விக்கில் இருந்த ஹீலியின் சொந்தப் பட்டறையில் மாற்றியமைத்து 100எம் என்று விற்றார்கள். கம்ப்ரஷன் கூட்டிய எஞ்சின், 110 குதிரைத்திறன், காற்றுப் போக வரிசையாக வெட்டுக்கண் போட்ட பானெட், அதன் மேல் தோல் பட்டை. அதே காலத்தில் லெ மான் கிட் என்று ஒரு பெட்டியும் தனியாக விற்பனைக்கு இருந்தது. பெரிய கார்புரேட்டர்கள், காற்றுப் பெட்டி, கேம் ஷாஃப்ட் எல்லாம் அதில் வரும், எந்த 100 காரிலும் டீலரே மாட்டிக் கொடுக்கலாம். கிட் போட்ட கார் வேகத்தில் கிட்டத்தட்ட 100எம் மாதிரியே ஓடும், பானெட்டும் பட்டையும் பின்னால் வாங்கி மாட்டிவிட்டால் பார்வையிலும் அப்படியே இருக்கும். அதன் உரிமையாளர்கள் "1955-லேயே டீலர் மாட்டியது, அதனால் இதுவும் 100எம்தான்" என்று வாதிடுவார்கள், எதிர்ப்பக்கம் "பதிவேட்டில் இல்லாதது 100எம் இல்லை" என்று நிற்கும். என் முடிவு எதிர்ப்பக்கம்தான். கிட் போட்ட கார் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை, "லெ மான் கிட் போட்ட 100" என்பது மரியாதையான பேர்தான், அந்தப் பேரில் அந்த விலைக்கு வாங்குங்கள். விளம்பரத்தில் "எம் ஸ்பெக்", "எம் ஸ்டைல்", "லெ மான்" என்ற சொற்கள் வந்தால் தொழிற்சாலைக் கார் இல்லை என்று வைத்துக்கொண்டே பேசத் தொடங்குங்கள். பிஎன்1 சேசிஸில் 100எம் என்று யாராவது சொன்னால் ஃபோனை வைத்துவிடலாம்.

100எஸ் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அலுமினிய பாடி, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், விற்பனைக்குச் செய்தது 50, சேசிஸ் நம்பரே ஏஎச்எஸ் என்று தொடங்கும். நம் பட்ஜெட்டில் வராது.

சின்னக் கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வரி. ஆஸ்டின்-ஹீலியின் சின்ன மாடலான ஸ்ப்ரைட்டின் முதல் வகையை இங்கிலாந்தில் ஃபிராக்ஐ என்றும் அமெரிக்காவில் பக்ஐ என்றும் சொல்வார்கள், இரண்டும் செல்லப் பேர், குறியீடு ஏஎன்5. 1971-இல் வந்த கடைசி ஸ்ப்ரைட்டுகள் ஹீலி குடும்பத்துடன் ஒப்பந்தம் முடிந்துபோன பிறகு வெறும் ஆஸ்டின் ஸ்ப்ரைட் என்ற பேரில் விற்றவை. அதில் ஹீலி பேட்ஜ் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

சரி, காகிதத்தில் என்ன எழுதுவது? நான் கடைப்பிடிப்பது: மேக் (தயாரிப்புப் பேர்) இடத்தில் ஆஸ்டின் ஹீலி. மாடல் இடத்தில் தொழிற்சாலை விற்ற பேர், அதாவது 100, 100-சிக்ஸ், 3000, 3000 மார்க் 2 (பிஜே7-உம் இதில்தான்), 3000 மார்க் 3 (பிஜே8). சேசிஸ் நம்பர் இடத்தில் தகட்டில் இருப்பது ஒரு எழுத்துக்கூட மாறாமல், முன்னொட்டுக் குறியீடு உட்பட. ஒருமுறை இதை எழுதி வைத்துக்கொண்டு, இன்வாய்ஸ் முதல் இன்சூரன்ஸ் வரை அதையே போடுங்கள்.

5. அமெரிக்கப் பக்கத்துக் காகிதங்கள்

டைட்டிலில் இரண்டு கோளாறு சகஜம். ஒன்று வருடம். 1959 இலையுதிர் காலத்தில் கட்டிய கார் அங்கே 1960-இல் விற்பனையாகி 1960 மாடல் என்று பதிவாகியிருக்கும். சான்றிதழில் 1959 இருக்கும். இது மோசடி இல்லை, ஆனால் இங்கே விளக்கம் கொடுக்க வேண்டிவரும். இரண்டாவது கோளாறுதான் பெரிது: பழைய நாட்களில் சில இடங்களில் சேசிஸ் நம்பருக்குப் பதிலாக எஞ்சின் நம்பரை வைத்தே டைட்டில் கொடுத்திருக்கிறார்கள். டைட்டிலில் இருப்பது 29டி என்று தொடங்கினால் அது சேசிஸ் நம்பரே இல்லை. இதை விற்பவர் அங்கேயே, தன் மாநில அலுவலகத்தில், காரை விற்கும் முன் திருத்தித் தர வேண்டும். "நீங்கள் இங்கிலாந்து போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். கார் கடலைத் தாண்டிவிட்டால் விற்றவருக்கு அதில் அக்கறை இருக்காது.

சில மாநிலங்களில் ரொம்பப் பழைய காருக்கு டைட்டிலே கிடையாது, அப்போது பழைய பதிவுச் சீட்டும் கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கப்பலில் ஏற்றுவதற்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்னால் அசல் டைட்டிலை அல்லது அதன் சான்றளிக்கப்பட்ட நகலை அமெரிக்க கஸ்டம்ஸிடம் காட்ட வேண்டும், சாதாரண நகல் மட்டும் செல்லாது. அசலைத் திரும்ப வாங்கி உங்களுக்கு அனுப்புவது கப்பல் ஏஜென்ட்டின் வேலை என்று எழுத்தில் வாங்குங்கள்.

6. இங்கிலாந்து கஸ்டம்ஸ்: பெரிய பணம் இங்கேதான்

சாதாரணமாகக் கார் இறக்குமதி செய்தால் 10 சதவீதம் சுங்க வரி, அதற்கு மேல் 20 சதவீதம் வாட் (மதிப்புக் கூட்டு வரி). ஆனால் 9705 என்ற வகைப்பாட்டில், சேகரிப்பாளர்களுக்கான வரலாற்று மதிப்புள்ள வாகனம் என்று ஏற்றுக்கொண்டால் சுங்க வரி இல்லை, வாட் 5 சதவீதம் மட்டும். கப்பல் செலவோடு சேர்த்துக் கார் 40,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 9705-இல் போனால் கட்ட வேண்டியது 2,000. இல்லையென்றால் வரி 4,000, பிறகு 44,000-க்கு வாட் 8,800, மொத்தம் 12,800.

30 வயது தாண்டியிருக்க வேண்டும், உற்பத்தி நின்றுபோன மாடலாக இருக்க வேண்டும், சேசிஸ், ஸ்டியரிங், பிரேக், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். இங்கேதான் பேர் வந்து கடிக்கும். உங்கள் இன்வாய்ஸில் விற்பவர் பெருமைக்காக "100எம் ரெப்ளிகா" என்றோ "வி8 கன்வர்ஷன்" (அசலை எடுத்துவிட்டு வி8 எஞ்சின் போட்டது) என்றோ எழுதியிருந்தால், அசல் நிலை என்று நீங்கள் சொல்வதற்கு நீங்களே எதிர்ச்சாட்சி கொடுத்த மாதிரி ஆகிவிடும். (உண்மையிலேயே வி8 போட்ட காராக இருந்தால் 9705-ஐ மறந்துவிட்டு முழு வரிக்கும் பணம் ஒதுக்கிவையுங்கள். பேரை மாற்றி எழுதித் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.) வலப்பக்க ஸ்டியரிங்காக மாற்ற வேண்டுமென்றால் அதைக் கார் இங்கே வந்த பிறகு செய்யுங்கள்.

கஸ்டம்ஸ் ஏஜென்ட் எந்த வரிக் குறியீட்டில் தாக்கல் செய்யப்போகிறார் என்று தாக்கலுக்கு முன்பே கேளுங்கள். பழைய கார் பழக்கமில்லாத ஏஜென்ட் வழக்கமான வரியையே போட்டுவிடுவார், பிறகு திரும்பக் கேட்டு அலைய வேண்டும். ஹெரிட்டேஜ் சான்றிதழின் நகலை அவருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

கார் வந்து 14 நாட்களுக்குள் வரித்துறைக்கு நோவா என்ற இணையவழி அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. நோவாவில் ஏறாத காரை டிவிஎல்ஏ (வாகனங்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகம்) பதிவு செய்யாது. அங்கே அடிக்கிற சேசிஸ் நம்பரில் ஒரு கோடு, ஒரு எழுத்து மாறினாலும் அடுத்த படியில் நிற்கும்.

7. டிவிஎல்ஏ பதிவு

வி55/5 என்ற படிவம். கட்டணம் 55 பவுண்டு. கூடவே அனுப்ப வேண்டியவை: அசல் அமெரிக்க டைட்டில், தேதிச் சான்று, உங்கள் பேருக்கும் முகவரிக்கும் அடையாளம், எம்ஓடி (வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை) சான்றிதழ் அல்லது அது தேவையில்லை என்று அறிவிக்கும் வி112 படிவம். அனுப்பும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

தேதிச் சான்றாக ஹெரிட்டேஜ் சான்றிதழ் அல்லது டிவிஎல்ஏ பட்டியலில் உள்ள உரிமையாளர் கிளப் தரும் கடிதம் பயன்படும். டைட்டிலில் 1960, சான்றிதழில் 1959 என்று இருந்தால் ஒரு பக்கக் கடிதம் சேர்த்து விளக்கிவிடுங்கள்: கட்டிய தேதி இது, அமெரிக்காவில் பதிவான வருடம் அது, சேசிஸ் நம்பர் இரண்டிலும் ஒன்றே. என் அனுபவத்தில் இந்தக் கடிதம்தான் வேலையை நகர்த்தியது. அதில் கிளப் சண்டையை எல்லாம் எழுத வேண்டாம், படிக்கிறவருக்கு மார்க் 1 பற்றி ஒரு கவலையும் இல்லை.

வி5சி, அதாவது லாக்புக், கைக்கு வர ஆறு வாரம் வரை ஆகும் என்று கணக்கு வையுங்கள். காரை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டால் இன்னும் தள்ளிப்போகும். வந்தவுடன் மேக், மாடல், சிசி, சேசிஸ் நம்பர் நான்கையும் சரிபாருங்கள். மேக் இடத்தில் வெறும் ஆஸ்டின் என்றோ மாடல் இடத்தில் வெற்றாகவோ வந்தால் உடனே அதே லாக்புக்கில் திருத்தம் குறித்து, சான்றோடு திருப்பி அனுப்புங்கள், திருத்தத்துக்குக் காசு இல்லை. தொலைத்துவிட்டு மாற்று கேட்டால்தான் 25 பவுண்டு.

40 வயது தாண்டிய கார் என்பதால் வரலாற்று வாகனப் பிரிவில் சாலை வரி பூஜ்யம். ஆனால் பூஜ்யத்தையும் வருடாவருடம் பதிவு செய்ய வேண்டும். எம்ஓடி விலக்கு இருந்தாலும் முதல் வருடம் எடுத்துவிடுங்கள், அதிகபட்சக் கட்டணமே 54.85 பவுண்டுதான், கடல் தாண்டி வந்த காரின் பிரேக்கை வேறொருவர் பார்ப்பதற்கு அது மலிவு.

8. இன்சூரன்ஸ்

பதிவு நம்பர் வருவதற்கு முன்பே சேசிஸ் நம்பரை வைத்துக் கிளாசிக் கார் இன்சூரன்ஸ் எடுக்கலாம். ஒப்புக்கொண்ட மதிப்பு என்கிற வகையையே கேளுங்கள், கார் அழிந்தால் எவ்வளவு என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்கும். மதிப்பீட்டுக் கடிதம் கிளப்பிடம் வாங்கலாம். இந்த ஒரு இடத்தில் மட்டும் எல்லாப் பேரையும் எழுதுங்கள்: விற்பனைப் பேர், குறியீடு, மக்கள் சொல்கிற பேர், செய்திருக்கும் மாற்றங்கள். "3000, பிஎன்7, இரண்டு கார்புரேட்டர், மார்க் 1 என்று பொதுவாக அழைக்கப்படுவது, வலப்பக்க ஸ்டியரிங்காக மாற்றியது" என்று நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. கிட் போட்ட 100-ஐ 100எம் என்று எழுதி மதிப்பை ஏற்றி வைத்தால் பிரீமியம் கூடும், க்ளெயிம் வரும் நாளில் அவர்கள் முதலில் கேட்பது ஹெரிட்டேஜ் சான்றிதழாக இருக்கும்.

கடைசியாக நம்பர் பிளேட். 1980-க்கு முன் கட்டி, வரலாற்றுப் பிரிவில் இருக்கும் காருக்குக் கறுப்பில் வெள்ளி எழுத்து போட அனுமதி உண்டு. டிவிஎல்ஏ தரும் வயதுக்கேற்ற நம்பரை வேறு காருக்கு மாற்றவோ விற்கவோ முடியாது. பிளேட் அடிக்கக் கொடுக்கும்போது லாக்புக்கும் அடையாள அட்டையும் கேட்பார்கள், இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.